எவ்வகைத் தொடர்பும்

எனக்கு அந்த வாரியத்தின் மேல் கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதானமாக எழுதப்பட்ட ஒன்று வேண்டும் என்பவர்கள் வாரியத்தின் ஆண்டறிக்கையைப் படித்துக்கொள்ளலாம். அதற்கும் நான்தான் பிழைதிருத்தினேன்.

அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசை என்னுடையது. திருமண அழைப்பிதழ், வினாத்தாள், இரங்கல் அட்டை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் பொடி எழுத்துத் தாள் என்று எதுவாக இருந்தாலும் என் சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் அச்சுக்குப் போக வேண்டும். எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் நாகரிக நோய்த்தடுப்பு வாரியம். நாகரிகமான நோய்களைத் தடுப்பதா, நோய்களை நாகரிகமாகத் தடுப்பதா என்று எனக்குப் பல வருடச் சந்தேகம். இரண்டுமே நடக்காததால் சந்தேகம் தீரவில்லை.

எச்.ஐ.வி. பற்றியும் உடலுறவில் பரவும் மற்ற நோய்கள் பற்றியும் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வதற்காக உண்டாக்கப்பட்ட வாரியம் அது. ஆனால் 'எச்.ஐ.வி.' என்றோ 'உடலுறவு' என்றோ அங்கே யாரும் எழுதக் கூடாது, சொல்லவும் கூடாது. சுற்றறிக்கை பதினான்கு அதைத் தடுக்கிறது. எச்.ஐ.வி.க்கு 'அது'. மற்ற நோய்களுக்கு 'மற்றது'. உடலுறவுக்கு 'நிகழ்வு'. முத்தத்துக்கு 'அறிமுகம்'. 'ஆணுறை'யில் இருக்கும் 'ஆண்' கண்ணை உறுத்துகிறது என்று அதை வெட்டி எறிந்துவிட்டு 'உறை' என்று மட்டும் வைத்துக்கொண்டார்கள். துண்டுப் பிரசுரங்களின் அடியில் முன்பெல்லாம் 'மேலும் விவரங்களுக்கு எங்களைத் தொடர்பு கொள்ளவும்' என்று தொலைபேசி எண்ணோடு ஒரு வரி இருக்கும். ஒரு வாரியமே பொதுமக்களைத் தொடர்பு கொள்ள அழைப்பதா என்று கமிட்டியில் ஒருவர் கொதித்துப்போனார். அந்த வரியை எண்ணோடு சேர்த்து எடுத்துவிட்டு, 'மேலும் விவரங்கள் இல்லை' என்று போட்டார்கள்.

பக்கங்களுக்கு ஒப்புதல் தருவதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆபாசமாக இருக்கக்கூடிய தாள்களைப் பணியாளர்கள் வாசிப்பது ஒழுங்குமீறல். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் 'வாசித்துச் சரிபார்த்தேன்' என்ற முத்திரைக்குக் கீழே தலைவரின் கையெழுத்து இருந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும், கீழே சின்னதாக ஜன்னல் வெட்டிய பழுப்பு உறையில் போட்டு அனுப்புவோம். தலைவர் ஜன்னல் வழியாகக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார். அவருக்கு அலுவலகம் முழுவதும் 'நாசூக்கு' என்று பெயர். அவருக்கு மட்டும் அது தெரியாது.

போன வருடம் ஒரு பிரசுரத்தில், 'எவ்வகை தொடர்பும் மரணத்தின் வாசல்' என்று ஒரு வரி வந்தது. நான் பேனாவை எடுத்து 'எவ்வகை'க்குப் பக்கத்தில் ஒரு 'த்' போட்டேன். எவ்வகைத் தொடர்பும். அந்த வரி உண்மையா என்று யோசிக்கவில்லை. ஒற்று விட்டுப்போயிருந்தது, போட்டேன். அந்தத் 'த்' பிற்பாடு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

ஒரு தையல்காரியும் நானும் சில மாதம் பழகினோம். இரண்டு பேரும் முப்பதைத் தாண்டியவர்கள், ஒருவரையொருவர் பிடித்திருந்தது. முத்தம் உண்டு, கை உண்டு, தோலோடு தோல் உண்டு. உடலுறவு இல்லை. அதுவரைக்கும் போதும் என்று பேசிவைத்திருந்தோம். பிறகு அவளுக்கு வேறு ஊரில் பெரிய தையற்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது, போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. அவள் போய் மூன்று வாரத்தில் என் இடுப்புக்குக் கீழே ஒரு புண் வந்தது. வலிக்கவில்லை. வலிக்காததாலேயே இன்னும் பயமாக இருந்தது. நான் 'த்' போட்ட வரி நினைவுக்கு வந்தது.

வீட்டில் நான், தங்கை, தங்கை புருஷன், அவர்களுடைய பெண் குழந்தை. குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். உருண்டையாக இருப்பாள் என்பதால் பட்டாணி என்று கூப்பிடுவோம். நான் வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவிவிடுவாள். என் கன்னத்தைக் கடித்து எச்சிலாக்குவது அவளுக்கு அன்றாட வேலை. அவளை நான் தூக்கலாமா, கூடாதா? எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். இந்த ஒரு கேள்வியோடு வாரியத்தின் படியேறினேன்.

முகப்பில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். அவர் மேசையில் தட்டினால் ஒலிக்கும் பித்தளை மணி ஒன்று இருந்தது. ஆகாத சொல்லை யாராவது சொன்னால் மணியைத் தட்டுவது அவர் கடமை.

"என்ன விஷயம்?"

"ஒரு சந்தேகம் கேக்கணுங்க. நானும் ஒரு பொண்ணும்..."

டிங். "பொண்ணுன்னு சொல்லக் கூடாது. மறுதரப்பு."

"நானும் மறுதரப்பும் முத்தம்..."

டிங். "அறிமுகம்."

"சரி, அறிமுகமானோம். அப்புறம் கையால..."

டிங், டிங், டிங். ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். அதில் இருந்தது ஒரே ஒரு கேள்வி. நிகழ்வு நிறைவேறியதா? ஆம், இல்லை. 'இல்லை'யில் குறியிட்டுக் கொடுத்தேன். பார்த்தார், திருப்பித் தந்தார்.

"முழுமையடையாத விண்ணப்பம். எடுத்துக்க முடியாது."

"எல்லாத்தையும் நிரப்பியிருக்கேனே?"

"விண்ணப்பம் முழுசாத்தான் இருக்கு. நீங்கதான் பாதியில நிறுத்திட்டீங்க. பாதியில நிறுத்துறவங்களுக்கு இங்க பிரிவு கிடையாது. முழுசா முடிச்சுட்டு வாங்க, பாக்கலாம்."

"அதை முடிக்கவே கூடாதுன்னுதானே உங்க பிரசுரம் சொல்லுது?"

"அது பிரசுரப் பிரிவு. இது படிவப் பிரிவு."

மூன்று முறை போய் மூன்று முறை திரும்பி வந்தேன். நாலாம் முறை, செய்யாத ஒன்றைச் செய்ததாக 'ஆம்' என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் ஆலோசகர் அறைக்குள் அனுப்பினார்கள். வருகிறவர்கள் வெட்கப்படக் கூடாது என்று ஆலோசகர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய வழுக்கையோடு பேச வேண்டியிருந்தது.

"எத்தனை நிகழ்வு?"

"நிகழ்வே இல்லீங்க. உள்ள விடணுமேன்னு ஆம்னு போட்டேன்."

வழுக்கை சிவந்துபோயிற்று. நான் சொன்னது அவருடைய அறையை.

"புண் ஒண்ணு வந்திருக்குங்க."

"எங்க?"

"எங்கன்னு சொல்லலாமா?"

"கூடாது. 'சம்பந்தப்பட்ட இடம்'னு சொல்லணும். சுற்றறிக்கையில அப்படி அஞ்சு இடம் இருக்கு. முழங்கை அதுல ஒண்ணு. முழங்கையா?"

"முழங்கை இல்லீங்க."

"நல்லது" என்று எழுதிக்கொண்டார். பிறகு கையைப் பின்னால் நீட்டி இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டைக் கொடுத்தார். "இனிமே எப்பவும் உறை பயன்படுத்துங்க. முப்பத்தாறு இருக்கு."

பிரித்துப் பார்த்தேன். பழுப்புக் கடித உறைகள். ஜன்னல் வைத்தவை. 'ஆண்' வெட்டப்பட்ட பிறகு பண்டகசாலைக்குப் போன முதல் கடிதத்தில் 'உறை தேவை' என்றுதான் இருந்திருக்கிறது. அவர்கள் மேல் தப்பு இல்லை. ஆறு வருடமாக வாரியம் ஜனங்களுக்கு இதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது.

"இதை வச்சு என்னங்க செய்யறது?"

"பயன்படுத்தறதுக்கு முன்னாடி கிழிசல் இருக்கான்னு பாத்துக்குங்க."

"எல்லாத்துலயும் ஓட்டை இருக்கே?"

"அது ஜன்னல்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் என் கேள்வியைக் கேட்டேன். "என் தங்கச்சி குழந்தையை நான் தூக்கலாங்களா?"

அவர் பிரசுரத்தை எடுத்து விரலை ஓட்டினார். "எவ்வகைத் தொடர்பும்னு போட்டிருக்கு. தூக்கறதும் ஒரு வகைத் தொடர்புதானே? பாருங்க, 'த்' வேற போட்டு அழுத்திச் சொல்லியிருக்காங்க."

என் 'த்'. என் கையால் போட்ட 'த்'. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது பட்டாணி கையை நீட்டினாள். நான் செருப்போடு பின்னால் நகர்ந்து நின்றேன்.

ஜலதோஷம் என்று சொன்னேன். தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்துக்கொண்டேன். பட்டாணி தவழ ஆரம்பித்தாள், தவழ்ந்து வந்தது என் காலை நோக்கித்தான். நான் நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அண்ணாந்து பார்த்துச் சிரிப்பாள், கொஞ்ச நேரம் காத்திருப்பாள், பிறகு அழுவாள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தங்கை கேட்டாள்.

"என் பொண்ணு மேல உனக்கு என்னண்ணா அருவருப்பு?"

"ஜலதோஷம்மா."

"ஒரு மாசமாவா? தும்மி ஒரு தடவைகூட நான் பாக்கலையே. பிடிக்கலைன்னா சொல்லிடு. நாங்க வேற வீடு பாத்துக்கறோம்."

அவளுக்கு என்ன பதில் சொல்வது? 'அது'வா, 'மற்றது'வா என்று எனக்கே யாரும் சொல்லவில்லை. புண் ஐந்து வாரத்தில் தானாக மறைந்தது. பயம் மட்டும் மறையவில்லை. பெரிய தலையையே பார்த்துவிடுவது என்று தலைவருக்கு மனுக் கொடுத்தேன். அனுமதி கிடைக்க இன்னும் ஒன்றரை மாதம் ஆயிற்று.

நாசூக்கின் மேசையில் ஒரு பென்சிலும் ஒரு கைக்குட்டையும் தவிர எதுவும் இல்லை. என்னை உட்காரச் சொன்னார். நல்ல மனிதர் மாதிரிதான் சிரித்தார்.

"தம்பி, இந்த வாரியம் ஆரம்பிச்சுப் பதினோரு வருஷம் ஆச்சு. இங்க வந்த ஒருத்தருக்காவது 'அது' இருக்குன்னு சொல்லியிருக்கமா? இல்ல. 'மற்றது'? அதுவும் இல்ல. நூத்துக்கு நூறு ஆரோக்கியம். ஏன்னு நெனைக்கறீங்க? நாங்க யாரையும் சோதிக்கறதே இல்ல."

"பின்கட்டுல ஆய்வகம் இருக்கேங்க?"

"இருக்கு. முடிவு எழுதினா நோயோட பேரை எழுதணும். எழுதக் கூடாது. அதனால தினமும் தூசி தட்டிச் சுத்தமா வச்சிருக்கோம்."

"ஐயா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். எதுல ஆபத்து இருக்கு, எதுல இல்லன்னு சொல்லிட்டா நான் குழந்தையைத் தூக்கிக்குவேன்."

கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். "அப்படிப் பிரிச்சுச் சொல்லிட்டோம்னு வைங்க. ஆபத்தில்லாததை எல்லாரும் பயமில்லாமச் செய்ய ஆரம்பிச்சுடுவாங்க. எங்க வேலை நோயைக் குறைக்கறது இல்ல தம்பி, பயம் குறையாமப் பாத்துக்கறது. நோய் தன்னால வரும், தன்னாலயே பரவும். பயத்துக்கு அப்படி யாரும் இல்ல. அதை நாமதான் பராமரிக்கணும்."

இதைச் சொன்னபோது அவருடைய குரல் தழுதழுத்தது. வெளியே வந்தேன். அன்றைக்குத்தான் முதல்முதலாக எனக்குக் கோபம் வந்தது.

வராந்தாவின் கோடியில் ஆய்வகத்தின் கதவு திறந்திருந்தது. ரத்தம் எடுக்கும் அம்மாள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு இயந்திரத்துக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கே வந்து, "என்னங்க ஆச்சு?" என்றார். நாலு வாக்கியத்தில் சொன்னேன். அவர் எதையும் தட்டவில்லை.

"முதல்ல போய்க் குழந்தையைத் தூக்குங்க. கட்டிப்பிடிச்சா, முத்தம் கொடுத்தா, ஒரே தட்டுல சாப்பிட்டா எச்.ஐ.வி. வராது. எச்சில், வியர்வை, கண்ணீர் இதுல எல்லாம் அது பரவாது. ரத்தம், விந்து, பெண்ணுறுப்புல ஆசனவாயில இருக்கிற திரவம், தாய்ப்பால், இது வழியாத்தான் பரவும். நீங்க கையோட, தோலோட நின்னுட்டீங்க. எச்.ஐ.வி. வர வாய்ப்பே இல்லன்னு சொல்லலாம்."

"அப்ப அந்தப் புண்ணு?"

"அதான் விஷயம். உடலுறவு வரைக்கும் போகலை, அதனால எதுவுமே வராதுன்னு நெனைக்கறதும் தப்பு. சிபிலிஸ், ஹெர்பிஸ், எச்.பி.வி. இதெல்லாம் தோலோட தோல் உரசினாலே தொத்தலாம். வலிக்காத புண்ணு, தானா ஆறிடுச்சுன்னா சிபிலிஸா இருக்கலாம். புண்ணுதான் ஆறும், நோய் உள்ளயேதான் இருக்கும். மூணு மாசம் ஆயிடுச்சுல்ல, எச்.ஐ.வி.யும் சேத்துப் பாத்துடறேன். மனசு தெளிவாகட்டும். உள்ள வந்து கையை நீட்டுங்க."

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"வாயில புண்ணு கிண்ணு இருந்தா முத்தம் மட்டும் வேண்டாம்பேன். உங்களுக்கு அதுவும் இல்ல. தூக்கறதால ஒண்ணும் ஆகாது. பயப்படாதீங்க, இது பெரிய விஷயமே இல்ல."

மொத்தம் நாலு நிமிடம். மூன்று மாதம் நான் தேடி அலைந்தது அந்த நாலு நிமிடத்தை. முடிவை ஒரு துண்டுத் தாளில் முழுப் பெயரோடு எழுதிக் கொடுத்தார். எச்.ஐ.வி. இல்லை. சிபிலிஸ் இருந்தது. பொது மருத்துவமனையில் ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு இடுப்பில் ஊசி போட்டார். இரண்டு நாள் உட்கார முடியவில்லை. தையல்காரிக்குப் போன் செய்து சொன்னேன். அவளும் போய்ச் சோதித்து, ஊசி போட்டுக்கொண்டாள். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள். எனக்கே நேற்றுத்தான் தெரியும் என்றேன். நம்பினாள்.

நாலு நிமிடம் பேசியதற்கு ரத்தம் எடுக்கும் அம்மாளுக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. அந்தப் படிவத்தையும் நாங்கள்தான் அச்சடிக்கிறோம். குற்றம் என்ற கட்டத்தில் இப்படி எழுதியிருந்தது: 'அலுவலக வராந்தாவில் பொதுமக்களில் ஒருவரிடம் அவருக்குப் புரியும்படி பேசியது.' அவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கி வைத்தார்கள்.

ஊசி போட்டுக்கொண்ட அன்றே வீட்டுக்கு ஓடினேன். பட்டாணி கூடத்தில் உட்கார்ந்து ஒரு கரண்டியைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தாள். நான் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினேன். பட்டாணி என்னைப் பார்த்தாள். முன்பின் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்துவிட்டு, வேகமாகத் தவழ்ந்து போய்த் தன் அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்த வாரியத்தைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

எனக்கு அடிதடி தெரியாது. தெரிந்தது பிழைதிருத்தம். காத்திருந்தேன். இரண்டு வாரத்தில் வாரியத்தின் புதிய கையேடு அச்சுக்கு வந்தது. முப்பத்தாறு பக்கம். முதல் நாலு பக்கம் தலைவர் உரை. வெளியீட்டு விழாவில் அதை நாசூக்கே மேடையில் வாசிப்பார். அவர் வாசிக்கும் லட்சணம் எனக்குத் தெரியும். ஒரு தடவை 'தொடர்ச்சி பின்பக்கம்' என்று தாளின் அடியில் போட்டிருந்ததையும் உருக்கமாக வாசித்துக் கைதட்டல் வாங்கியவர் அவர்.

திருத்தங்களைக் கணினியில் ஏற்றுவதும் என் வேலைதான். உரையின் முதல் பக்கத்தில் கையை வைக்கவில்லை. 'ஒழுக்கம் என்னும் ஒளிவிளக்கை ஏந்தி' என்று அது பாட்டுக்கு இருந்தது. இரண்டாம் பக்கத்திலிருந்து ரத்தம் எடுக்கும் அம்மாள் வராந்தாவில் சொன்னதை ஒன்றுவிடாமல், எழுத்துநடைக்கு மாற்றி ஏற்றினேன். நான் விட்டதை எல்லாம் அவரிடமே போனில் கேட்டு நிரப்பினேன். உள்ளே இருந்த முப்பத்திரண்டு பக்கங்களில் 'அது', 'மற்றது', 'நிகழ்வு' என்று வந்த இடத்தில் எல்லாம் அதனதன் சொந்தப் பெயரைப் போட்டேன். முப்பத்தாறு பக்கத்தையும் உறையில் போட வேண்டும். ஆலோசகர் எனக்குக் கொடுத்த உறைகள் முப்பத்தாறு, மேசை இழுப்பறையில் அப்படியே இருந்தன. கிழிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பயன்படுத்தினேன். நாசூக்கு முப்பத்தாறு ஜன்னல் வழியாகவும் கையெழுத்துப் போட்டு மறுநாளே அனுப்பிவிட்டார். உறை நல்ல பாதுகாப்பு.

விழாவுக்கு நானூறு பேர். செவிலியர் மாணவிகள், லாரி ஓட்டுநர்கள், ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் என்று நாற்காலியை நிரப்ப அழைத்து வரப்பட்டவர்கள். முதல் வரிசையில் மேலிடத்து அதிகாரி ஒருவர் ஏற்கெனவே கண்ணை மூடியிருந்தார். மேடையின் ஓரத்தில் முகப்புக் குமாஸ்தா மணியோடு உட்கார்ந்திருந்தார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். பக்கத்து நாற்காலியில் ரத்தம் எடுக்கும் அம்மாள்.

நாசூக்கு ஒளிவிளக்கை ஏந்தி முடித்துப் பக்கத்தைத் திருப்பினார்.

"உடலுறவு இல்லாத நெருக்கத்தால் என்ன வரும், என்ன வராது என்று நீங்கள் கேட்கிறீர்கள்" என்று வாசித்தார்.

டிங் என்றது மணி. நாசூக்கின் கண் ஒரு கணம் தாளை விட்டு மேலே வந்தது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏன் நிறுத்தினார் என்று நானூறு பேரும் கேட்பார்கள். புரிந்ததால் நிறுத்தினேன் என்று அவரால் சொல்ல முடியாது. கண் மறுபடியும் தாளுக்குப் போயிற்று.

"முத்தத்தாலோ, அணைப்பதாலோ, கையால் தொடுவதாலோ எச்.ஐ.வி. பரவுவதில்லை."

டிங், டிங்.

"தோலோடு தோல் உரசினால் சிபிலிஸ், ஹெர்பிஸ், எச்.பி.வி. பரவலாம். புண் ஆறினாலும் சிபிலிஸ் உள்ளேயே இருக்கும். வாய்வழி உறவில் எச்.ஐ.வி. ஆபத்து மிகக் குறைவு. ஆனால் கொனோரியாவும் சிபிலிஸும் பரவலாம்."

குமாஸ்தா கடமை தவறாதவர், விடாமல் தட்டினார். முக்கியமான இடத்துக்குத்தான் மணி அடிக்கிறார்கள் என்று செவிலியர் மாணவிகள் நினைத்துக்கொண்டு, டிங் கேட்கும்போதெல்லாம் குறிப்பெடுக்க ஆரம்பித்தார்கள். நடுவில் ஒரு ஆடைத் தொழிற்சாலைப் பெண் எழுந்து நின்றாள்.

"ஐயா, புண்ணு ஆறிட்டாலும் நோய் இருக்கும்னு ஏதோ சொன்னீங்களே. அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

நாசூக்கு இன்னொரு தடவை வாசித்தார். நெற்றியில் வேர்த்து ஒழுகிற்று. கைக்குட்டை அவருடைய அலுவலக மேசையில் இருந்தது.

"பாதுகாப்பு இல்லாமல் உடலுறவு கொண்டு பயந்துவிட்டால், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போங்கள், எச்.ஐ.வி.யைத் தடுக்க மருந்து இருக்கிறது. ஆணுறை என்பது ஆணுறை. எங்கள் வாரியம் ஆறு ஆண்டுகளாக உங்களுக்குக் கொடுத்துவருவது கடிதம் போடும் உறை. மன்னித்துவிடுங்கள். இது பெரிய விஷயமே இல்லை, பயப்படாதீர்கள். மேலும் விவரங்களுக்கு எங்கள் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் அம்மாளைத் தொடர்பு கொள்ளவும்."

'ஆணுறை'யில் மணியின் குமிழ் கழன்று மேடைக்குக் கீழே உருண்டது. ஒரு லாரி ஓட்டுநர் கைதட்ட ஆரம்பித்தார், நானூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். சத்தத்தில் மேலிடத்து அதிகாரி விழித்துக்கொண்டார். "இவ்வளவு புரியும்படி நீங்க பேசி நான் கேட்டதே இல்ல" என்று நாசூக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் ரத்தம் எடுக்கும் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நாசூக்கின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். போதும் போதும் என்கிற வரைக்கும் பார்த்தேன்.

மறுநாள் விசாரணை. அச்சகத்தின் மேல் பழி போடத்தான் முதலில் பார்த்தார்கள். எங்கள் முதலாளி கையெழுத்திட்ட முப்பத்தாறு பக்கத்தையும் மேசை மேல் வைத்தார். வாசித்துச் சரிபார்த்தேன், வாசித்துச் சரிபார்த்தேன், வாசித்துச் சரிபார்த்தேன். நாசூக்குக்கு இனி மூன்று வழிதான். வாசித்தேன் என்றால், ஆபாசத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர். வாசிக்கவில்லை என்றால், முப்பத்தாறு பொய்க் கையெழுத்துப் போட்டவர். இரவெல்லாம் யோசித்து மூன்றாவதைப் பிடித்துக்கொண்டார். மறுப்பு வெளியிடலாமே என்று ஒருவர் சொன்னாராம். எதை மறுக்கிறோம் என்று எழுத வேண்டுமே, அதைச் சுற்றறிக்கை அனுமதிக்காதே என்று இன்னொருவர் சொல்ல, அதோடு விட்டுவிட்டார்கள்.

தலைவரே அதே வார்த்தைகளை நானூறு பேர் முன்னால் சொன்ன பிறகு ரத்தம் எடுக்கும் அம்மாளின் குறிப்பாணையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ரத்து செய்தார்கள். அவர் வேலைக்குத் திரும்பிய அன்று ஆய்வக வாசலில் வரிசை நின்றது. இயந்திரத்துக்குத் தூசி தட்ட வேண்டிய அவசியம் அதன்பிறகு வரவில்லை.

விசாரணை அறிக்கையை ஒரு வருடம் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும் என்பது விதி. அச்சுக்கு என்னிடம்தான் வந்தது. தலைவரின் வாக்குமூலம் ஒரே ஒரு வரி. 'நான் வாசித்தது எதுவும் எனக்கு புரியவில்லை என்று உறுதியாகக் கூறுகிறேன்.' ஒற்று விட்டுப்போயிருந்தது. பேனாவை எடுத்து ஒரு 'ப்' போட்டேன். எனக்குப் புரியவில்லை. இந்த முறை வரி உண்மையா என்றும் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அந்த வரியை மட்டும் மற்ற வரிகளைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்தில் போட்டு அனுப்பினேன்.

பட்டாணி என்னிடம் வர நாற்பத்தொரு நாள் ஆயிற்று. தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் என்னைத் திட்டினாள், பிறகு வாரியத்தை என்னைவிட மோசமாகத் திட்டினாள். நாற்பத்தொன்றாம் நாள் பட்டாணி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கையை நீட்டினாள். அந்த மூன்று மாதமும் இந்த நாற்பத்தொரு நாளும் எனக்குத் திரும்பி வராது. அதனால் நாசூக்கை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை.

வாரியத்தின் முகப்பில் வெயில் படும். தாள் ஒரு மாதத்தில் வெளுத்துவிடுகிறது. மாதம் ஒரு முறை புதுத் தாளை எடுத்துக்கொண்டு நானே போய் ஒட்டிவிட்டு வருகிறேன். போன முறை பட்டாணியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். பசை காயட்டும் என்று தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவள் என் கன்னத்தை நன்றாகக் கடித்து எச்சிலாக்கிவிட்டாள். குமாஸ்தா எங்களை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கை பழக்கத்தில் மேசை மேல் மணியைத் தேடியது. மணி அங்கே இல்லை.